5 உண்மை, மற்றதெல்லாம் புளுகு: பிபிசி ரேடியோவின் காமெடி விளையாட்டை கடலூரை வைத்து ஆடினால் எத்தனை பாயின்ட் எடுப்பீங்க?

ஒருத்தர் மைக் முன்னாடி வந்து சில நிமிடம் பேசுகிறார். பேசுவது முழுக்கப் பொய். ஆனால் அதுக்குள்ளே 5 உண்மைகளை ஒளித்து வைத்திருக்கிறார். எதிரே 3 பேர் பஸ்ஸரில் கை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். உண்மை மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் அமுக்க வேண்டும். சரியாக இருந்தால் ஒரு பாயின்ட், தப்பாக இருந்தால் ஒரு பாயின்ட் காலி.

அவ்வளவுதான் விளையாட்டு. பிரிட்டனில் பிபிசி ரேடியோ 4-ல் 'தி அன்பிலீவபிள் ட்ரூத்' என்ற பெயரில் ஓடுகிறது. 'நம்ப முடியாத உண்மை' என்று வைத்துக்கொள்ளலாம். 2006 அக்டோபரில் சோதனை முயற்சியாக ஒரு எபிசோடு வந்தது. 2007 ஏப்ரலில் முதல் சீசன் தொடங்கியது. அதன் பிறகு 30 சீசன்களைத் தாண்டிவிட்டது. முகம் தெரியாத, படம் காட்டாத ஒரு ரேடியோ நிகழ்ச்சிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பொய்யைக் கண்டுபிடிக்கும் ஆட்டம் இல்லை

பொய்யைக் கண்டுபிடிக்கும் ஆட்டங்கள் எல்லா ஊரிலும் உண்டு. நம்ம வீட்டுப் பிள்ளைகள் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு ஆடும் 'ராஜா ராணி திருடன் போலீஸ்' அந்த வகைதான். திருடன் சீட்டு கிடைத்தவன் முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொள்வான், போலீஸ் அவனைப் பிடிக்க வேண்டும். பிபிசி டிவியிலும் 2007-ல் இருந்து 'வுட் ஐ லை டு யு?' என்று ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஒருவர் சொல்லும் கதை நிஜமா, கட்டுக்கதையா என்று எதிரணி சொல்ல வேண்டும்.

ரேடியோ விளையாட்டு இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. இங்கே பொய்தான் சாதாரணம். எல்லோரும் பொய் கேட்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். உண்மைதான் ஒளிந்துகொள்ள வேண்டும். பேசுகிறவர் பொய் சொல்லி யாரையும் ஏமாற்றுவதில்லை, உண்மையைச் சொல்லி ஏமாற்றுகிறார். பிடிபடாமல் கடத்திய ஒவ்வொரு உண்மைக்கும் அவருக்கு ஒரு பாயின்ட். ஐந்தையும் கடத்திவிட்டால் ஐந்து.

நம்ம ஊர் எஃப்.எம்.-களில் வரும் போன் பிராங்க் நிகழ்ச்சிகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே போன் எடுத்தவருக்கு மட்டும் விஷயம் தெரியாது, ஊரே சேர்ந்து அவரைப் பார்த்துச் சிரிக்கும். இங்கே அப்படி யாரும் பலியாடு இல்லை. நான்கு பேரும் மாறி மாறிப் பேச வேண்டும், மாறி மாறி ஏமாற வேண்டும்.

யார் மூளையில் உதித்தது?

கிரேம் கார்டன், ஜான் நெய்ஸ்மித் என்ற இரண்டு பேர். கார்டன் மருத்துவம் படித்துவிட்டு காமெடிக்கு வந்தவர். 1970-களில் பிரிட்டிஷ் டிவியில் கலக்கிய 'தி குடீஸ்' மூவர் அணியில் ஒருவர். 1972-ல் தொடங்கி இன்றும் நினைவுகூரப்படும் 'ஐ ஆம் சாரி ஐ ஹேவன்ட் எ க்ளூ' என்ற கோமாளித்தனமான ரேடியோ நிகழ்ச்சியை உருவாக்கியதும் அவர்தான். அந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளராக இருந்தவர் நெய்ஸ்மித்.

நடுவர் இருக்கையில் ஆரம்பம் முதல் டேவிட் மிட்செல். பட்டிமன்ற நடுவர் மாதிரி இரண்டு பக்கமும் தட்டிக்கொடுத்துப் பேசுகிறவர் இல்லை. 'இது உண்மையில்லை' என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு, ஏன் இல்லை என்று எரிச்சலோடு விளக்குவதே அவர் ஸ்டைல். லூசி போர்ட்டர், ஜான் ஃபின்னமோர், டோனி ஹாக்ஸ், ஜெர்மனியில் இருந்து வந்து ஆங்கிலத்தில் காமெடி செய்யும் ஹென்னிங் வேன் போன்றவர்கள் அடிக்கடி பங்கேற்பவர்கள். 2012-ல் ஆஸ்திரேலியாவில் இதை டிவி நிகழ்ச்சியாகவும் எடுத்துப் பார்த்தார்கள். ஆனால் இதன் சொந்த வீடு ரேடியோதான். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறது.

பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஆட்டம் முதலில் கொஞ்சம் வினோதமாகத் தெரியலாம். பட்டிமன்றத்தில் பேசுகிறவர் தன் அணிக்கு ஒதுக்கிய தலைப்பை உண்மை என்று நிறுவப் பாடுபடுவார். இங்கே உண்மை என்று தெரிந்த உடனே பேசுகிறவருக்கு நஷ்டம்.

ஒரு சுற்று ஆடிப் பார்க்கலாமா?

விதியைப் படித்தால் புரியாது, ஆடினால்தான் புரியும். தலைப்பு: கடலூர் மாவட்டம். கடலூர் துறைமுகத்தில் இருந்து சிதம்பரம் வரைக்கும், நடுவில் இருக்கும் குடிகாடு உட்பட. கீழே வரும் பேச்சு இந்தக் கட்டுரைக்காக எழுதிய மாதிரிச் சுற்று. பிபிசியில் வந்தது இல்லை. விதி அதேதான்: 5 மட்டும் உண்மை, மீதி அண்டப்புளுகு. பேப்பர் பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் பண்ணக் கூடாது.

"கடலூருக்கு ஏன் அந்தப் பேர் வந்துச்சு? பக்கத்துல கடல் இருக்கு, அதனால கடலூர். ஆதியில கடல் இல்லாம வெறும் 'ஊர்'னுதான் இருந்துச்சு, அப்புறம் டேங்கர் லாரியில கொண்டாந்து ஊத்தினாங்க. இங்கிலீஷ்காரன் இந்த இடத்தை வாங்கினப்போ நிலத்தை அளக்க சர்வேயர் வரலை. பீரங்கியால சுட்டான், குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் எல்லா ஊரும் அவனுது. பத்திரப்பதிவு ஆபீஸ்ல கட்டணத்தை வெடிமருந்தா கட்டினான். அப்புறம் ஒரு ஆறு வருஷம் தென்னிந்தியாவுல ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே சென்னை இல்லை, கடலூர்தான். அப்போ ஆரம்பிச்ச டிராஃபிக்தான் இன்னும் லாரன்ஸ் ரோட்டுல க்ளியர் ஆகாம நிக்குது. 1783-ல கடலூர்ச் சண்டையில ஆங்கிலேயர்கிட்ட மாட்டின ஒரு பிரெஞ்சு சார்ஜென்ட் பின்னாடி சுவீடனுக்கே ராஜா ஆனார். இன்னைக்கும் அந்த அரண்மனையில ஞாயித்துக்கிழமை ஆனா நெத்திலி வறுவல்தான். பண்ருட்டி பலாப்பழம் பிரேசில்லேருந்து போர்ச்சுகீசியர் கொண்டாந்தது, ஒரு பழத்துக்கு ஒரு கப்பல். நெய்வேலியில தண்ணிக்குக் கிணறு தோண்டினாங்க, கரி வந்துச்சு. அதை வச்சுப் பல்லு விளக்கினப்போ பொறி பறந்ததைப் பார்த்துதான் கரண்ட்டைக் கண்டுபிடிச்சாங்க. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் குடுத்த மரத்தோட பால் கண்ணுல பட்டா பார்வையே மங்கிடும். அதனாலதான் அந்த ஊர்ல கத்திரிக்காய் கொத்சு சாப்பிடறப்போ எல்லாரும் கண்ணை மூடிக்கிறாங்க, ருசியால இல்லை, பாதுகாப்புக்கு. குடிகாட்டுப் பக்கம் ஜனங்க காத்தை பிளாஸ்டிக் வாளியில பிடிச்சு அமெரிக்காவுக்கு அனுப்பினாங்க. அங்கேருந்து வாளி திரும்பி வரலைன்னு இன்னும் கேஸ் நடக்குது."

எத்தனை கண்டுபிடித்தீர்கள்? கடலூர்க்காரராக இருந்தால் முதல் வரியிலேயே பஸ்ஸரை அமுக்கியிருப்பீர்கள்.

பாயின்ட் போன இடங்கள்

அமுக்கியிருந்தால் மைனஸ் ஒன்று. கடல் பக்கத்தில் இருப்பது உண்மை. ஆனால் பெயருக்கு அது காரணம் இல்லை. பழைய பெயர் கூடலூர். பெண்ணையாறு, கெடிலம், பரவனாறு, உப்பனாறு வந்து கூடுகிற இடம் என்பதால் அந்தப் பெயர் என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். இந்த மாதிரி 'இது கூடத் தெரியாதா' என்று தோன்றும் வரியை முதலில் போடுவது, ஆடத் தெரிந்தவர்களின் பழைய தந்திரம்.

பண்ருட்டி பலாவிலும் சிலருக்குப் போயிருக்கும். போர்ச்சுகீசியர்கள் பிரேசிலில் இருந்து கொண்டுவந்தது முந்திரி. பலா நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர். முந்திரியும் பலாவும் பண்ருட்டியில் பக்கத்துப் பக்கத்துத் தோப்பில் இருப்பதால், ஒன்றின் வரலாற்றை இன்னொன்றுக்கு மாட்டிவிட்டால் யாருக்கும் சட்டென்று உறைக்காது. முழுப் பொய்யைவிட இடம் மாற்றி வைத்த உண்மை அதிகமாக ஏமாற்றும்.

சுவீடன் ராஜா விஷயம் இன்னும் சிக்கல். நெத்திலி வறுவல் பொய், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் பாதி? ழான் பெர்னதோத் என்ற பிரெஞ்சுப் போர்வீரர் 1818-ல் சுவீடன், நார்வேக்கு அரசரானது நிஜம். 1783-ல் கடலூரில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சண்டை நடந்ததும் நிஜம். அந்தச் சண்டையில் காயம்பட்டுப் பிடிபட்ட இளம் சார்ஜென்ட் இவர்தான் என்று பல பழைய புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் இதை ஏற்பதில்லை. அந்த ஆண்டுகளில் அவர் இந்தியாவுக்கே வரவில்லை, பிரான்ஸில்தான் இருந்தார் என்பது அவர்கள் முடிவு. கேட்க அருமையான கதை, நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்லப்பட்ட கதை, ஆனால் நிற்காத கதை. இந்த ஒரு வரிக்கு மட்டும் நடுவருக்கே வியர்த்திருக்கும்.

அப்போ உண்மை எது?

பீரங்கி. ஆமாங்க, அதுதான் முதல் உண்மை. 1690-ல் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராத்தியரிடம் இருந்து கிழக்கிந்திய கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையைச் சுற்றி பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்து என்பது பேச்சு. மெட்ராஸில் இருந்து நல்ல பீரங்கியும் கைதேர்ந்த பீரங்கிக்காரரும் அனுப்பப்பட்டார்கள். சுடுகிறவர் கெட்டிக்காரராக இருந்தால் கம்பெனிக்கு நாலு கிராமம் கூடக் கிடைக்கும் அல்லவா? அந்த ஆண்டு செப்டம்பரில் சுட்டார்கள். எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. அப்போது மெட்ராஸில் கம்பெனியின் தலைவராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரில்தான் இருக்கிறது. கோட்டை செயின்ட் டேவிட் கோட்டை ஆனது.

அந்தக் கோட்டைதான் இரண்டாவது உண்மைக்கும் மேடை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். ஆங்கிலேயர் தலைமையிடத்தைக் கடலூருக்கு மாற்றினார்கள். ஒப்பந்தப்படி 1749-ல் சென்னை திரும்பக் கிடைத்த பிறகும் 1752 வரை இங்கேதான் இருந்தது. லாரன்ஸ் ரோடு டிராஃபிக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மூன்றாவது, நெய்வேலி. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை என்பார்கள். அங்கே கரி கிளம்பியது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி. 1956-ல் என்.எல்.சி. நிறுவனமாக அது வளர்ந்தது.

நான்காவது, தில்லை மரம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இன்றும் நிற்கிறது. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வை போகும். ஆங்கிலத்தில் அந்த மரத்துக்குக் கண்ணைக் குருடாக்கும் அலையாத்தி என்ற பொருளிலேயே ஒரு பெயர் இருக்கிறது. பிச்சாவரம் படகுச் சவாரி போகிறவர்கள் கிளையை ஒடித்துப் பார்க்காமல் இருப்பது நல்லது. கொத்சுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம்.

ஐந்தாவது வாளி. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால், ஏன் தப்பாக அமுக்கினோம் என்பதைப் பார்த்துவிடலாம்.

நம் காது ஏன் ஏமாறுகிறது?

பொய்யையும் உண்மையையும் பிரித்துப் பார்ப்பதில் மனிதர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள்? சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2006-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். 24,000-க்கும் மேற்பட்டவர்களின் தீர்ப்புகள் அதில் இருந்தன. சராசரியாகச் சரியாகச் சொன்னது 54%. காசைச் சுண்டிப் போட்டாலே 50% வரும். அதாவது நம்ம திறமையின் மதிப்பு வெறும் 4%.

இன்னும் உள்ளே போய்ப் பார்த்தால், உண்மையை உண்மை என்று சொன்னது 61%, பொய்யைப் பொய் என்று சொன்னது 47%. எதிரே இருப்பவர் நிஜம்தான் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்வது மனிதருக்கு இயல்பு. அப்படி இல்லாவிட்டால் மளிகைக் கடையில் விலை கேட்டு நம்பி வாங்கவே முடியாது. அந்த ரேடியோ விளையாட்டு செய்வது இந்த இயல்பை அணைத்துப் போடுவதுதான். 'எல்லாம் பொய்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால், பீரங்கியால் நிலம் அளந்தார்கள் என்ற உண்மை சிரிப்போடு சிரிப்பாகக் கடந்துபோகிறது.

சரி, ரேடியோவுக்கு ஏன் பொருந்தியது? இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. 1994-ல் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளர் பிரிட்டன் முழுக்க ஒரு பரிசோதனை நடத்தினார். ராபின் டே என்ற பிரபல டிவி பேட்டியாளரிடம் பிடித்த படம் எது என்று இரண்டு முறை கேட்டார்கள். ஒரு முறை உண்மை சொன்னார், ஒரு முறை பொய். அந்த இரண்டு பேட்டியும் டிவியில் வந்தது, ரேடியோவில் வந்தது, செய்தித்தாளில் எழுத்தாக அச்சானது. எது பொய் என்று மக்கள் போன் செய்து சொல்ல வேண்டும். 41,000 பேருக்கு மேல் சொன்னார்கள்.

செய்தித்தாள் படித்தவர்களில் 64.2% சரியாகச் சொன்னார்கள். ரேடியோ கேட்டவர்களில் 73.4%. டிவி பார்த்தவர்களில்? 51.8%. டிவி சேனல்களுக்கு அவ்வளவு சந்தோஷமான செய்தி இல்லைதான், ஆனால் கணக்கு அப்படி. முகத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். முகம்தான் கவனத்தைக் கலைக்கிறது. பொய் சொல்கிறவர் முகத்தை அடக்கிக்கொள்ளப் பழகியிருப்பார். வார்த்தையையும் குரலையும் அடக்குவது கஷ்டம். எனவே ரேடியோவில் உண்மையை ஒளிக்கிற ஆளுக்கு வேலை அதிகம், கேட்கிறவருக்கு வாய்ப்பு அதிகம். ஆட்டம் சூடு பிடிப்பது அதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. 1977-ல் அமெரிக்காவில் லின் ஹாஷர் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்குச் சில வாக்கியங்களை இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை கொடுத்து, எவ்வளவு உண்மை என்று மதிப்பிடச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்களுக்கு, உண்மையோ பொய்யோ, மார்க் ஏறிக்கொண்டே போனது. சுவீடன் ராஜா கதை நூறு வருஷம் ஓடியது இப்படித்தான். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நாலாவது முறையாக வரும் மருத்துவக் குறிப்பு ஓடுவதும் இப்படித்தான். 2018-ல் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு வைத்தது. அதிகம் ஃபார்வர்டு ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்று 2020-ல் இன்னும் இறுக்கியது.

வாளிக்கு வருவோம்

கடலூரில் இருந்து சிதம்பரம் போகும் ரோட்டில், துறைமுகத்தைத் தாண்டியதும் சிப்காட் வருகிறது. 1980-களில் வந்த ரசாயனத் தொழிற்பேட்டை. ஒரு பக்கம் உப்பனாறு. அதற்குள்ளேயும் ஓரத்திலேயும் குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி போன்ற ஊர்கள். தொழிற்பேட்டைக்கு முன்பிருந்தே இருக்கும் ஊர்கள் இவை.

ராத்திரியில் நாற்றம் வருகிறது, கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று இந்த ஊர்க்காரர்கள் பல வருஷமாகச் சொல்லி வந்தார்கள். நாற்றத்தில் ஒரு சிக்கல் உண்டு. அது ஃபோட்டோவில் விழாது. காற்று திசை மாறினால் பத்து நிமிடத்தில் போய்விடும். அதிகாரி வந்து நிற்கும்போது மூக்கில் ஒன்றும் தெரியாது. 'இப்போ ஒண்ணும் இல்லையே' என்றால் என்ன பதில் சொல்வது? அந்த ரேடியோ விளையாட்டின் ஐந்தாவது உண்மை மாதிரிதான். சொல்லப்பட்டுவிட்டது, யாரும் பஸ்ஸர் அமுக்கவில்லை. விளையாட்டில் சொன்னவருக்குப் பாயின்ட் கிடைக்கும். இங்கே சொன்னவருக்குத்தான் நஷ்டம்.

2004-ல் அவர்கள் வேறு வழிக்கு வந்தார்கள். சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் உதவியோடு சில கிராமவாசிகள் 'சிப்காட் பகுதி சமூக சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்' என்று ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். முதல் வேலை, முறையாக முகர்ந்து பார்ப்பது. தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது, என்ன வாடை, உடம்பில் என்ன செய்தது என்று எழுதி வைத்தார்கள். வெறும் 'நாத்தம்' என்று எழுதவில்லை. அழுகின முட்டை, நெயில் பாலிஷ், பிணவாடை என்று ஒவ்வொன்றையும் பிரித்து எழுதினார்கள். வாடையும் காற்றின் திசையும் சேர்ந்தால், எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது வேலைதான் வாளி. வீட்டில் இருக்கிற 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி மாதிரியேதான். மூடி இறுக்கமாக இருக்கும். உள்ளே ரசாயனம் ஒட்டாத ஒரு விசேஷப் பை. வாளிக்குள் பையைச் சுற்றி இருக்கும் காற்றை ஒரு சின்னப் பம்பு உறிஞ்சி வெளியே தள்ளும். உள்ளே அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று பைக்குள் தானாக ஏறும், பலூன் மாதிரி உப்பும். சில நிமிட வேலை. பையைக் கட்டி ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம்.

இந்த வாளி பிறந்தது 1995-ல், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்காக எட்வர்ட் மாஸ்ரி என்ற வக்கீல் ஏற்பாடு செய்தது. 'எரின் ப்ரோக்கோவிச்' படம் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும், அதில் ஜூலியா ராபர்ட்ஸின் முதலாளியாக வரும் வக்கீல் அவர்தான். அங்கே கண்டுபிடித்த வாளி கடலூருக்கு வந்தது. கடலூர்க் காற்று பையில் ஏறி கலிஃபோர்னியா ஆய்வகத்துக்குப் போனது.

முடிவில் 20-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருப்பது தெரிந்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியவையும் அதில் இருந்தன. 2004-லேயே அது அறிக்கையாக வெளியானது. அந்த நேரத்தில் பென்சீன் போன்ற ஆவியாகும் ரசாயனங்களுக்கு இந்தியக் காற்றுத் தர விதிகளில் வரம்பே கிடையாது. அதாவது அளந்து பார்த்தாலும் 'அதிகம்' என்று சொல்ல ஒரு கோடு இல்லை. பென்சீனுக்கு வரம்பு வந்தது 2009-ல் விதிகளைத் திருத்தியபோதுதான். அதற்கு முன்பே, நாக்பூரில் உள்ள மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரி, இந்தப் பகுதியின் காற்றால் புற்றுநோய் அபாயம் வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்று அறிக்கை கொடுத்து, 2008-ல் அது பெரிய செய்தியானது. வாளி பிடித்தவர்கள் சொன்ன அதே விஷயம், இப்போது சீல் வைத்த தாளில்.

மாதிரிச் சுற்றில் அந்த வரியைப் படித்தபோது சிரித்திருந்தால் தப்பில்லை. சிரிக்கிற மாதிரித்தான் எழுதப்பட்டிருந்தது. வாளி திரும்பி வரவில்லை, கேஸ் நடக்கிறது என்பது மட்டும் பொய். வாளி எங்கேயும் போகவில்லை. பைதான் போனது.

கேட்க வேண்டுமா?

'தி அன்பிலீவபிள் ட்ரூத்' புது சீசன் ஓடும்போது திங்கட்கிழமை மாலை 6.30 மணி பிரிட்டிஷ் நேரத்துக்கு ஒலிபரப்பாவது வழக்கம். நமக்கு அது கோடையில் இரவு 11 மணி, அவர்கள் குளிர்காலத்தில் கடிகாரத்தை மாற்றிய பிறகு நள்ளிரவு 12 மணி. ஆங்கில ஜோக்குகளில் பாதி அவர்கள் ஊர் அரசியல், அவர்கள் ஊர் பிஸ்கட் பற்றியது. முதல் இரண்டு எபிசோடு கொஞ்சம் தடுமாறும்.

வீட்டில் ஆட அதுகூடத் தேவையில்லை. நான்கு பேர், ஆளுக்கு ஒரு தலைப்பு, தலைக்கு 5 உண்மை. பஸ்ஸருக்குப் பதில் எவர்சில்வர் டம்ளரைத் தட்டலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆட்டத்துக்கு முன்பே உங்கள் ஐந்தையும் இரண்டு இடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சுவீடன் ராஜா மாதிரி ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும், ராத்திரி சாப்பாடு வரைக்கும் சண்டை ஓயாது.